மார்வெல் ஸ்னாப்: காசு போடாமல் முதல் டெக் கட்டுறது என்னண்டு, பரந்தனில இருந்து ஒரு ரிவியூ

அக்கான்ர மகன் புதுக்குடியிருப்பில படிக்கிறான், தரம் ஒம்பது, போன பள்ளிக்கூட லீவுக்கு எங்கட வீட்ட வந்து நிண்டவன். வந்த முதல் நாளே மார்வெல் ஸ்னாப் எண்ட காட் கேமத் திறந்து போனக் கொண்டுவந்து மடியில வச்சிட்டு, "மாமா நீங்களும் உதுதானே விளையாடுறியள், நான் ஏன் மாமா ஒரே தோக்கிறன், என்னட்ட ஹல்க்கும் இருக்கு அபோமினேசனும் இருக்கு" எண்டு கேட்டான். டெக்க, அதாவது அவன் விளையாடுற காட் கட்ட, திறந்து பாத்தன். 12 காட்டில எட்டு காட்டுக்குப் போடுற விலை நாலு எனர்ஜிக்கு மேல. கையில கிடைச்ச பெரிய ஆக்கள் எல்லாரையும் தூக்கிப் போட்டு வச்சிருக்கிறான். முதல் மூண்டு டேர்னும் ஒண்டும் போட ஏலாமல் பாத்துக்கொண்டு இருக்கிறான், நாலாவது டேர்னில அவன் எழும்பேக்க மற்றவன் ரெண்டு இடத்தைப் பிடிச்சு முடிச்சிருப்பான்.

இந்தப் பிழைய நானும் விட்டனான், தொடங்கிற எல்லாரும் விடுறவை. அதால இந்த கேமப் பற்றி எழுதேக்க மற்றதெல்லாத்தையும் விட முதல் டெக் கட்டுறதப் பற்றித்தான் கூட எழுதப் போறன், ஏனெண்டா என்ர அபிப்பிராயத்தில இந்த கேம்ல சரியான நல்ல பகுதி அதுதான், ஒரு சதமும் குடுக்காமல் கிடைக்கிற பகுதியும் அதுதான்.

தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லிப்போட்டுப் போறன். மார்வெல் ஸ்னாப் 2022 ஒக்டோபர் 18ம் திகதி உலகம் முழுக்க வந்தது, செய்தது செக்கண்ட் டின்னர் எண்ட கொம்பனி, அதில முக்கியமான ஆள் பென் புரோட், முந்தி ஹார்த்ஸ்டோன் கேம நடத்தினவர். வந்த வருசமே த கேம் அவார்ட்ஸில நல்ல மொபைல் கேம் விருதும் எடுத்திட்டுது. விளையாட்டு என்னண்டா, நடுவில மூண்டு இடம், ஆறு டேர்ன், ஒவ்வொருத்தருக்கும் 12 காட், ஒரே காட்ட ரெண்டு தரம் வைக்கேலாது. ஒரு இடத்தில உங்கட பக்கம் நாலு காட்தான் கொள்ளும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில மறைச்சுப் போட்டிட்டு பேந்து திறக்கிறது. ஒரு இடத்தில ஆரின்ர காட்டுகளின்ர பவர், அதாவது பலம், கூடவோ அந்த இடம் அவைக்கு, கடைசியில மூண்டு இடத்தில ரெண்ட ஆர் பிடிக்கினமோ அவை வெண்டது. ஒரு ஆட்டம் மூண்டு நாலு நிமிசத்தில முடிஞ்சிடும். கடையில ஆள் இல்லாத நேரம் ஒண்டு, பஸ்சுக்கு நிக்கேக்க ஒண்டு, அவ்வளவுதான் வேணும்.

இனி டெக்குக்கு வாறன். மருமகனுக்கு நான் முதல் சொல்லிக் குடுத்தது ஒரு கணக்கு. முதல் டேர்னில ஒரு எனர்ஜி, ரெண்டாவதில ரெண்டு, அப்பிடியே ஆறாவதில ஆறு, எல்லாத்தையும் கூட்டினா 21. அந்த 21ஐத் தான் நீங்கள் ஒரு ஆட்டத்தில செலவழிக்கலாம், மிச்சம் பிடிச்சு அடுத்த டேர்னுக்குக் கொண்டுபோகவும் ஏலாது. முதல் மூண்டு டேர்னையும் சும்மா விட்டா ஆறு எனர்ஜி வாய்க்காலால வீணாப் போன தண்ணி மாதிரி, பேந்து எந்த மடைய மறிச்சும் வராது. ஆறு எனர்ஜி எண்டா ஒரு ஹல்க். அதாவது ஹல்க்கப் போடுறதுக்காகக் காத்திருந்து ஒரு ஹல்க்கின்ர விலைய விட்டிட்டு இருக்கிறான். இதக் கொப்பியில எழுதிக் காட்டினோடன அவன்ர முகம் மாறினத நீங்கள் பாத்திருக்க வேணும்.

மற்றக் கணக்கு கைக்கு வாற காட். தொடங்கேக்க மூண்டு, ஒவ்வொரு டேர்னுக்கும் ஒண்டு, அப்ப ஆறாவது டேர்னில மொத்தம் ஒம்பது காட் பாத்திருப்பியள், 12ல மூண்டு அடியிலயே கிடக்கும். ஒரு காட்ட நம்பி டெக் கட்டினா நாலு ஆட்டத்தில ஒண்டில அது வரவே வராது. அதால டெக் எண்டிறது ஒரு காட்டில தொங்கக் கூடாது, ஒரே வேலைய ரெண்டு மூண்டு காட் செய்யிற மாதிரி இருக்க வேணும், ஒண்டு வராட்டி மற்றது கைகுடுக்கும். இது விளங்காமல் எத்தினை பேர் "எனக்கு லக் இல்லை" எண்டு அழிச்சுப்போட்டுப் போறாங்கள்.

சரி, என்ன கட்டுறது. நான் சொல்லுறது சின்ன ஆக்களின்ர டெக். கா-சார், புளூ மார்வெல் ரெண்டையும் நடுவில வச்சுக் கட்டுறது, இங்கிலீசில விளையாடுறவை ஸூ டெக் எண்டு சொல்லுவினம். இதுக்கு வேண்டியது எல்லாம் தொடக்கத்தில கிடைக்கிற சீரிஸ் ஒண்டு எண்ட முதல் தொகுதிக் காட்தான், ஒண்டையும் காசுக்கு வாங்கத் தேவையில்லை. கா-சார் நாலு எனர்ஜி, உங்கட ஒரு எனர்ஜி காட் எல்லாத்துக்கும் ஒரு பவர் கூட்டும். புளூ மார்வெல் அஞ்சு எனர்ஜி, தன்னை விட்டு மிச்ச எல்லாத்துக்கும் ஒரு பவர் கூட்டும். தனியப் பாத்தா ஒரு பவர்தானே எண்டு இருக்கும். ஆனா ஸ்குவிரல் கேர்ல் எண்டு ஒரு காட் இருக்கு, ஒரு எனர்ஜிதான், அவ வந்து மற்ற ரெண்டு இடத்திலயும் ஒவ்வொரு அணில விடுவா, அந்த அணிலும் ஒரு எனர்ஜிக் கணக்குத்தான். அவவோட இன்னும் மூண்டு சின்னக் காட்டப் போட்டா, நாலு எனர்ஜிக்கு ஆறு பேர் நிலத்தில. கா-சார் வந்தா ஆறு பவர் ஏறும், புளூ மார்வெல் வந்தா ஆறோட கா-சாருக்கும் ஒண்டு, ஏழு ஏறும். மொத்தம் 13 பவர், அதுவும் மூண்டு இடத்துக்கும் பரவின மாதிரி. ஹல்க் 12 பவரோட ஒரு இடத்தில மட்டும்தான் நிப்பான். அணில் சேதுவுக்கு மண் சுமந்த கதைதான், ஒரு அணில் ஒண்டுமில்லை, எல்லாம் சேந்தா பாலம்.

ஒரு எனர்ஜிக் காட்டில ஆறு வைக்கிறன் நான். ஸ்குவிரல் கேர்ல், ஆன்ட்-மேன், நைட்குரோலர், ஹோக்ஐ, ராக்கெட் ரக்கூன், எலெக்ட்ரா. இதில ஆன்ட்-மேனை முதல் டேர்னில போட வேண்டாம், அவன் நிக்கிற இடம் நாலு பேரால நிரம்பினாத்தான் அவனுக்குப் பவர் ஏறும், கடைசி இருக்கைக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. ஹோக்ஐயப் போட்டா அடுத்த டேர்னில அதே இடத்தில இன்னொண்டு போட வேணும், இல்லாட்டி அவன் சும்மா. நைட்குரோலர் ஒருக்கா இடம் மாறலாம், இந்த டெக்கில அதுக்குச் சரியான பெறுமதி இருக்கு, ஏனெண்டு கீழ சொல்லுறன். எலெக்ட்ரா எதிராளின்ர ஒரு எனர்ஜிக் காட் ஒண்ட அந்த இடத்தில அழிப்பா, உங்கள மாதிரியே சின்ன ஆக்களோட வாறவனுக்கு அவ சரியான தொல்லை.

மேல ஏஞ்சலா, பிசப் ரெண்டும். ரெண்டும் நீங்கள் காட் போடப் போடப் பெருக்கிறவை, ஏஞ்சலா தன்ர இடத்தில போட்டா, பிசப் எங்க போட்டாலும். ஆனா ஒண்டு, அணில் தானா வாறது, நீங்கள் கையால போடுறேல்ல, அதால பிசப்புக்கு அணில் கணக்கில வராது. இத நான் எத்தினையோ ஆட்டம் தோத்துத்தான் விளங்கினது. பேந்து மிஸ்டர் பன்டாஸ்டிக், பக்கத்து இடங்களுக்கு பவர் குடுப்பார், நடுவில போட்டா ரெண்டு பக்கமும் கிடைக்கும், ஓரத்தில போட்டா ஒரு பக்கம்தான். அதோட கா-சார், புளூ மார்வெல், கடைசியா ஆறு எனர்ஜிக்கு ஒன்ஸ்லாட், கா-சாரும் புளூ மார்வெலும் நிக்கிற இடத்தில ஒன்ஸ்லாட் விழுந்தா ரெண்டு பேரின்ர வேலையும் இரட்டிக்கும். சீரிஸ் ஒண்டு காட் எல்லாருக்கும் ஒரே ஒழுங்கில கிடைக்காது, எனக்கு முதல் வந்தது உங்களுக்குப் பிந்தி வரும். ஒன்ஸ்லாட் வாற வரைக்கும் அந்த இடத்தில ஹல்க்க வச்சிருங்கோ, ஒரு ஹல்க் பிழையில்லை, எட்டுப் பேர்தான் பிழை.

இது நிலத்தில என்னண்டு வேலை செய்யுதெண்டு ஒரு ஆட்டம் சொல்லுறன். காலபோகம், இரணைமடுத் தண்ணி பாயிற பக்கம் எங்கட வயல், கதிர் முத்தின நேரம் இரவில பண்டிக்குக் காவல் இருக்க வேணும். கொட்டிலில நானும் தம்பியும், அவன் நித்திரை, நான் போனோட. முதல் டேர்னிலயே ஸ்குவிரல் கேர்ல் கையில, இடப்பக்கம் போட்டன், நடுவிலயும் வலப்பக்கமும் ஒவ்வொரு அணில் விழுந்திட்டுது. ரெண்டாவது டேர்னில நடு இடம் திறந்தது, சென்ட்ரல் பார்க், எல்லா இடத்துக்கும் ரெண்டு பேருக்கும் அணில் குடுக்கிற இடம். எனக்கு அது தங்கம். ஹோக்ஐய இடப்பக்கமும் நைட்குரோலர நடுவிலயும் விட்டன். மூண்டாவதில வலப்பக்கம் திறந்தா மேர்டர்வேர்ல்ட், அந்த டேர்ன் முடிய அங்க நிக்கிற எல்லாம் அழியும். ரெண்டு அணில் போச்சு, ஆனா எதிராளி அங்க ரெண்டு எனர்ஜி காட் ஒண்டும் முதலே வச்சிருந்தவன், அவனுக்குத்தான் நட்டம் கூட. நாலாவதில கா-சார், அஞ்சாவதில புளூ மார்வெல், ரெண்டையும் வெறுமையாக் கிடந்த வலப்பக்கத்தில. அந்த நேரம் பாத்து சிக்னல் போயிட்டுது. கொட்டிலால இறங்கி வரம்பால நடந்து வாய்க்கால் கட்டில ஏறி போனத் தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு நிண்டன், கயிறு எரியிற நேரம் மாதிரி டேர்ன் நேரம் குறையுது, ஒரு கோடு வந்தது. அவ்வளவுதான், ஆன்ட்-மேன இடப்பக்கம் நாலாவது ஆளா அடைச்சன், நைட்குரோலர நடுவால வலப்பக்கத்துக்கு இழுத்தன், மிஸ்டர் பன்டாஸ்டிக்க பக்கத்து நடு இடத்தில. திறந்தா எதிராளி வலப்பக்கத்தில ஹல்க்க இறக்கியிருக்கிறான். ரெண்டே ரெண்டு பவரால அந்த இடம் எனக்கு வந்தது. அந்த நைட்குரோலர் நகரேல்லை எண்டா தோல்வி. கடைசி டேர்னில ஒரு ஆள இடம் மாத்தலாம் எண்டிறது எதிராளிக்குத் தெரிஞ்சாலும் எங்க மாத்துவன் எண்டு தெரியாது, அதுதான் அவன்ர பெறுமதி.

இந்த கேமுக்கு ஸ்னாப் எண்டு பேர் வந்த விசயத்துக்கு இப்ப வாறன், ஏனெண்டா டெக் கட்டுறதும் இதுவும் ஒண்டோட ஒண்டு பின்னினது. ஆட்டம் ஒரு கியூபில, அதாவது ஒரு பந்தயப் புள்ளியில, தொடங்கும், கடைசியில தானா இரட்டிச்சு ரெண்டு. இடையில நீங்கள் ஸ்னாப் அடிச்சா, அதாவது பந்தயத்த இரட்டிச்சா, நாலு, அவனும் அடிச்சா எட்டு. பயமெண்டா ரிட்ரீட் அடிச்சு அந்த நேரத்து கியூபோட வெளியில போகலாம், ஆரும் ஸ்னாப் அடிக்காட்டி ஒண்டுதான் போகும். எங்கட ஆக்களுக்கு இத விளங்கப்படுத்த நான் 304 எண்ட சீட்டாட்டத்தத்தான் சொல்லுறனான். 304ல முதல் நாலு சீட்டு மட்டும் கையில இருக்கேக்கதானே கேக்கிறது, துரும்பக் கவிட்டு வைக்கிறது, மிச்ச நாலு என்ன வருமெண்டு தெரியாது. ஸ்னாப்பிலயும் முதல் டேர்னில கையில நாலு காட்தான். அந்த நாலப் பாத்து இந்த டெக் ஓடுமா எண்டு சொல்லத் தெரிய வேணும். ஸ்குவிரல் கேர்லும் கா-சாரும் அந்த நாலுக்கை இருந்தா நான் கெதியா ஸ்னாப் அடிச்சிடுவன். ஆறாவது டேர்ன் வரைக்கும் பொறுத்து வெல்லப் போறது நிச்சயமான பிறகு அடிச்சா அவன் விளங்கிக்கொண்டு ஓடிடுவான், உங்களுக்கு மிஞ்சிறது சில்லறை. 304ல கை நல்லா இருந்தும் 160ஓட நிக்கிறவர ஆரும் நல்ல விளையாட்டுக்காரன் எண்டு சொல்லுறேல்லையே. பெரிய சிக்கலான டெக்கில முதல் நாலப் பாத்து ஒண்டும் சொல்லேலாது, இந்த சின்ன ஆக்களின்ர டெக்கில சொல்லலாம், புதுசா வாறவைக்கு இத நான் தேடித் தேடிச் சொல்லுறதுக்கு அது பெரிய காரணம்.

கிரெடிட், அதாவது கேமுக்குள்ள கிடைக்கிற காசு, செலவழிக்கிறதில கவனமா இருங்கோ. மருமகன் தன்ர கிரெடிட் முழுக்க ஹல்க்குக்கே கொட்டியிருந்தான், அப்கிரேட் பண்ணினா ஹல்க் பலமாவான் எண்டு நினைச்சு. இல்லை. அப்கிரேட் காட்டின்ர வடிவத்த மட்டும்தான் மாத்தும், சட்டத்த விட்டு வெளியில வரும், மினுங்கும், பவர் ஒண்டும் ஏறாது. அப்ப ஏன் செய்யிறது எண்டா, அப்கிரேட் செய்யச் செய்யத்தான் கலெக்சன் லெவல் ஏறும், லெவல் ஏறினாத்தான் புதுக் காட் வரும். முதல் அப்கிரேட் 25 கிரெடிட், ஒரு லெவல். ரெண்டாவது 100 கிரெடிட், ரெண்டு லெவல். மூண்டாவது 200க்கு நாலு. கணக்குப் பாருங்கோ, முதல் படியில ஒரு லெவலுக்கு 25, அடுத்த படிகளில ஒரு லெவலுக்கு 50. அதால பூஸ்டர் (அப்கிரேட்டுக்கு கிரெடிட்டோட சேத்து வேண்டியது) இருக்கிற எல்லாக் காட்டையும் முதல் படிக்கு ஏத்திப்போட்டு பேந்து பிடிச்ச ஆளை மினுக்குங்கோ. அந்த டெக்கில விளையாடுற காட்டுக்குத்தான் பூஸ்டர் வாறது, டெக்க இடைக்கிடை மாத்தி விளையாடினா எல்லாத்துக்கும் கிடைக்கும்.

குறையளச் சொல்லாட்டி ரிவியூ இல்லை. முதலாவது, தமிழ் இல்லை. காட்டில எழுதியிருக்கிறது முழுக்க இங்கிலீசு, அதுவும் பொடி எழுத்து, ஒவ்வொரு சொல்லும் முக்கியம். இங்க பிள்ளையளுக்கு அது பெரிய மதில். எங்கட பெடி தன்ர கொப்பியில கடைசிப் பக்கத்தில தானே ஒரு அகராதி எழுதி வச்சிருக்கிறான், 'ஒன் ரிவீல் - திறக்கேக்க ஒருக்கா செய்யும்', 'ஒன்கோயிங் - நிக்கிற வரைக்கும் செய்யும்', 'டிஸ்கார்ட் - கையால போறது', 'டிஸ்ட்ராய் - நிலத்தால போறது'. கடைசி ரெண்டும் எனக்கே குழம்பிறது, அவன் எழுதினதப் பாத்தபிறகு குழம்பேல்லை. இவ்வளவு வடிவா ஒரு தரம் ஒம்பது பிள்ளை எழுத ஏலுமெண்டா இந்த கேம் தமிழிலயும் வரலாம், வர வேணும்.

ரெண்டாவது காசு. சீசன் பாஸ் 9.99 டொலர், எங்கட காசில கிட்டத்தட்ட மூவாயிரம், ஒரு மாதம்தான் நிக்கும். நான் ஒருக்கா ஒரு சிநேகிதன்ர பாங்க் காட்டால எடுத்தனான், அந்த மாதம் பாத்து அரிவு வெட்டு வந்திட்டுது, பத்து நாள் போனத் தொடவே நேரமில்லை, பாஸில முக்கால்வாசி பரிசு எடுக்காமல் போச்சு. வயலோடயும் கடையோடயும் நிக்கிற ஆக்களுக்கு மாசக் கணக்கு பாஸ் சரிவராது. தொடங்கி முதல் ரெண்டு மூண்டு மாதம் ஒரு சதமும் குடுக்க வேண்டாம் எண்டு நெஞ்சில கைவச்சுச் சொல்லுவன், சீரிஸ் ஒண்டு ரெண்டு முழுக்க சும்மா விளையாடியே சேக்கலாம். பிள்ளையளின்ர போனில பாங்க் காட் விவரத்த விடாதையுங்கோ.

மூண்டாவது சிக்னல். எப்பவும் ஒன்லைனில இருக்க வேணும், கோடு போனா ஆட்டம் உங்களுக்காக நிக்காது, டேர்ன் முடிஞ்சிடும். பரந்தன், கிளிநொச்சி ஏ9 ரோட்டுக் கரையில பிரச்சினை இல்லை, உள்ளுக்க ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுப் பக்கம் போனா மழை நாளில ஸ்னாப் அடிக்காதையுங்கோ. இறக்கிறதுக்கு கிகாக் கணக்கில டேட்டா வேணும், ஆரும் வைபை வச்சிருக்கிற வீட்ட போய் இறக்குங்கோ, பேந்து விளையாட ஓடுறது கொஞ்சம்தான். பழைய போன் நல்லாச் சுடும், என்ரதும் சுடுது.

இன்னொண்டும் மனசில வச்சிருங்கோ, 2025 ஜனவரியில அமெரிக்காவில டிக்டொக் தடை வந்த நேரம் இந்த கேமும் அங்க நிண்டது, அப்ப வெளியிட்ட கொம்பனி டிக்டொக்கின்ர சொந்தக்காரன் பைட்டான்ஸோட சேந்தது எண்டபடியால. ரெண்டொரு நாளில திரும்பிட்டுது, இருந்தாலும் நாங்கள் சேக்கிற காட் எல்லாம் ஆரோ ஒருத்தற்ற சேர்வரிலதான் இருக்கு எண்டு அண்டைக்கு எல்லாருக்கும் விளங்கினது. பெரிய காசு போடாதையுங்கோ எண்டு நான் சொல்லுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

லீவு முடியிற கிழமை நானும் மருமகனும் பற்றில் மோட்டில விளையாடினம், தெரிஞ்ச ஆளோட கோட் குடுத்து விளையாடுறது, ஆளுக்குப் பத்து உயிர், கியூபுக்குப் பதிலா உயிர் போகும். விறாந்தையில எதிரெதிரா இருந்து. முதல் நாள் நான் சொல்லிக் குடுத்த டெக்க அப்பிடியே வச்சு விளையாடித் தோத்தான். அடுத்த நாள் மிஸ்டர் பன்டாஸ்டிக்க எடுத்துப்போட்டு காஸ்மோவ வச்சிருந்தான். காஸ்மோ நிக்கிற இடத்தில ஒன் ரிவீல் ஒண்டும் வேலை செய்யாது. நான் அந்த நேரம் வைட் டைகரும் ஓடினும் வச்ச டெக், முழுக்க ஒன் ரிவீல். "ஏன்டா அத வச்சனி" எண்டு கேட்டன். "நீங்கள் நேற்று ரெண்டு தரமும் ஓடின் காட்ட நடுவிலதானே மாமா போட்டனியள்" எண்டான். சரியா நடுவில காஸ்மோவ வச்சான், என்ர ஆறாவது டேர்ன் முழுக்கச் செத்துது. உயிர் ரெண்டு மிச்சம் வச்சு வெண்டான்.

இந்த டெக் எங்க மட்டும் போகும் எண்டு கேட்டா, தொடக்கத்தில நல்லாப் போகும். பேந்து கில்மொங்கர் எண்டு ஒருத்தன் வருவான், மூண்டு எனர்ஜி, நிலத்தில நிக்கிற ஒரு எனர்ஜிக் காட் எல்லாத்தையும் ஒரேயடியா அழிப்பான், ரெண்டு பக்கத்திலயும். அவனக் காணத் தொடங்கினா சின்ன ஆக்களில மூண்ட எடுத்துப்போட்டு ரெண்டு மூண்டு எனர்ஜிக் காட்டுக்கு மாறுங்கோ, புளூ மார்வெல வச்சிருங்கோ, கா-சார விடுங்கோ. மருமகன் இப்ப கலெக்சன் லெவல் 300 தாண்டிட்டான், நேற்றும் வொய்ஸ் அனுப்பினவன், கா-சார எடுக்க மனமில்லையாம், கில்மொங்கர் வந்தாப் பாப்பமாம்.